பிளாஸ்டிக் மட்கார்டில் விழும் கீறல்

காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடுகளுக்குக் கிளுவை வேலி அமைப்பது நெடுநாளைய வழக்கம். இரு வேலிகளுக்கு இடையே செல்லும் இட்டேரியில் மாட்டு வண்டி போன காலத்தில் முள் உரசுவதை எவரும் பொருட்படுத்தியதில்லை. பின்னர் வந்த ஜீப்பின் மட்கார்டு இரும்புத் தகடு. கீறல் விழுந்தால் உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிடலாம். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய மகிந்திரா தார் போன்ற வண்டிகளிலோ, சக்கரத்தின் மேலுள்ள வளைவு வர்ணம் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் முள் கீறிய இடம் வெளுத்துத் தெரிகின்றது. இரும்பிற்குரிய வைத்தியத்தையே இதற்கும் செய்து பணத்தை இழப்பது வீண். ஆதலின் இப்பொருளின் இயல்பை முதலில் அறிதல் நலம்.

இத்தகைய வளைவுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலந்து வார்க்கப்பட்டவை. உட்புறத்தில் ‘பி.பி.’ என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பின் ஐயமில்லை. நமக்கு இது புதிய பொருளன்று. உரம் வரும் நெய்த சாக்கும் இதே இனம். 1954-இல் இத்தாலிய அறிஞர் நாட்டா இதனை ஆராய்ந்து உருவாக்கினார். 1963-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சாயப்பட்டறைத் தொழிலை அறிந்தவர்க்கு இதன் முக்கிய குணம் எளிதில் விளங்கும். பருத்தி நூல் சாயத்தைப் பற்றும்; பாலிபுரொப்பிலீன் நூல் வழக்கமான சாயம் எதனையும் பற்றாது. ஆகவே நூலாக இழுக்குமுன் உருகிய நிலையிலேயே வண்ணப்பொடியைக் கலந்துவிடுகின்றனர். மட்கார்டும் அவ்வாறே. அதன் கறுப்பு மேலே பூசியதன்று. உடல் முழுவதும் ஊடுருவி நிற்பது. அவ்வாறாயின் கீறல் வெளுப்பானேன்? முள் மேற்பரப்பைக் கிழித்து நுண்ணிய பிசிர்களை எழுப்புகின்றது. அவற்றில் பட்ட ஒளி சிதறுவதால் வெண்மை தோன்றுகின்றது. நிறம் போகவில்லை, மேற்பரப்பே கலைந்துள்ளது.

சாயம் பற்றாத பொருளில் வர்ணமும் நன்கு பற்றாது. இவ்வகைப் பிளாஸ்டிக்கிற்கென உள்ள ஒட்டுப்பூச்சு இன்றி அடித்த வர்ணம் செதில் செதிலாக உரியும். உப்புத்தாள் இன்னும் கெடுதல். அச்சிலேயே பதிந்த சொரசொரப்பு அழிந்து, கீறலைவிடப் பெரிய திட்டு நிலைத்துவிடும். எண்ணெய் தடவினால் சில நாள் கறுத்திருக்கும். பிறகு இட்டேரிப் புழுதி முழுவதும் அதன்மேல்தான்!

தக்க வழி, சூட்டினால் மேற்பரப்பை இளக்கிப் படியச் செய்தல். சவர்க்கார நீரால் கழுவி, நன்கு உலர்த்துக. துருத்தி நிற்கும் பிசிரைக் கூரிய பிளேடால் சீவுக. பின் சூடான காற்றை ஊதும் ‘ஹீட் கன்’ கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இப்பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரியில் உருகும். கருவியின் காற்றோ 500 டிகிரியையும் எட்டக்கூடும். வெண்மை மாறிக் கறுத்தவுடன் நிறுத்துக. ஆறும்வரை விரல் படலாகாது. வெளியில் தெரியாத மூலையொன்றில் முதலில் சோதித்தல் அவசியம். டயர், மின்கம்பி, அருகிலுள்ள வர்ணப்பகுதி ஆகியவற்றில் சூடு படலாகாது. தீச்சுவாலையை மட்டும் ஒருபோதும் காட்டற்க. இது எரிந்து சொட்டும் பொருள்.

மெல்லிய கீறலுக்கே இம்முறை. நகம் சிக்குமளவு ஆழ்ந்த வெட்டின் பள்ளம் சூட்டினால் நிரம்பாது. வெண்மை குறையும், தடம் இருக்கும். வெயிலில் கிடந்த உரச்சாக்கு பொடிந்து உதிர்வதைப் போல, ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற மட்கார்டின் மேல்தோலும் பொடியும். அதற்குச் சூடு காட்டினும் மீண்டும் வெளுக்கும். விரிசல் கண்டதாயின் அவ்வளைவை மட்டும் கழற்றி மாற்றலாம்.