கம்பிக்குக் குளிராது

அம்பாசமுத்திரம்,
மார்கழி.

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

“பனி விழுந்ததுலேருந்து கம்பி குளுந்து இழுக்கு மாமா, அந்தப் பவர் மாத்திரை பேரைச் சொல்லுங்க” என்று போனில் கேட்டாய். பெயர் சொல்லப் போவதில்லை. போனில் விளக்கினால் பாதியிலேயே வைத்துவிட்டு மெடிக்கலுக்குப் போய் நிற்பாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். உன் அம்மாவையும் படிக்கச் சொல்.

முதலில் கம்பிக்கு வருவோம். எனக்கும் முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில் அதே நாலாவது, ஐந்தாவது எலும்பில்தான் ஆபரேஷன். ஸ்க்ரூவும் கம்பியும் எனக்கும் இருக்கிறது. அது தோலுக்கு அடியில் இல்லை, சதைக்குள் ஆழத்தில், எலும்பை ஒட்டி இருக்கிறது. உடம்புக்குள் 37 டிகிரி என்றால் கம்பியும் 37 டிகிரிதான். மார்கழி வந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது என்று ஊரில் சொல்வதை நம்பாதே. தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை அடியில் முட்டுக் கொடுப்பார்களே, கம்பியின் வேலை அவ்வளவுதான். கூட வைத்த எலும்புத் துண்டுகள் வளர்ந்து, இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடுவதுதான் உண்மையான ஆபரேஷன். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகும். ஆனியில் செய்துகொண்ட உனக்கு அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் இழுப்பது எது? கம்பி வைப்பதற்காக ஒதுக்கிப் பிரித்த சதை, அதில் விழுந்த தழும்பு, முன்பு நசுங்கியிருந்த நரம்பு, அசையாத மூட்டின் பங்கையும் சேர்த்துச் சுமக்கிற மேல் கீழ் மூட்டுகள். குளிர் பட்டால் சதை இறுகும். நாமும் போர்வைக்குள் சுருண்டு, அசையாமல் கிடப்போம். அசையாத முதுகு மேலும் இறுகும்.

நம்மூர்க் குளிரைக் குளிர் என்றால் ஊட்டிக்காரன் சிரிப்பான். மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. மாஞ்சோலை, ஊத்து என்று மேலே போனால் கதை வேறு. ஆனால் வலிக்கு டிகிரி மட்டும் காரணம் இல்லை. முதுகுவலி வந்த ஏறக்குறைய 1,000 பேரை சிட்னியில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வெப்பநிலைக்கும் வலிக்கும் தொடர்பே தெரியவில்லை. பலத்த காற்றுக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2,600-க்கும் மேற்பட்ட நாள்பட்ட வலிக்காரர்களைக் கைபேசியில் தினமும் பதியவைத்தது. 2019-இல் வந்த அதன் முடிவிலும் ஈரப்பதம், காற்று, காற்றழுத்தக் குறைவு மூன்றும்தான் வலியைச் சற்றுக் கூட்டின. இரண்டிலும் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் உன் அம்மா சொன்னதைக் கேட்டபோது எனக்கு இந்த ஈரமும் காற்றும்தான் நினைவுக்கு வந்தன.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறாயாமே. இருட்டோடு ஆற்றில் ஒரு முழுக்கு, சாயங்காலம் ஒரு முழுக்கு. ராத்திரி சிமெண்டுத் தரையில் பாய். போனில் இதைப்பற்றி மூச்சுவிடவில்லையே நீ.

மார்கழி விடியலில் தாமிரபரணித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா. கேடு தண்ணீரில் இல்லை. கரையேறி, ஈரத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காற்றில் வீடுவரை நடக்கிறாயே, அங்கே இருக்கிறது. ஈரம் உலரும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வழுக்குப் படியில் ஒருமுறை சறுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வீட்டில் வெந்நீர் விளாவிக் குளி. உடனே துவட்டு, உலர்ந்த பனியனைப் போட்டு அதன்மேல் சட்டை போடு. வெந்நீரில் குளித்தவனை ஐயப்பன் கோபித்ததாக எந்தக் குருசாமியும் எனக்குச் சொன்னதில்லை. குற்றாலத்துக்கும் அகஸ்தியர் அருவிக்கும் கூட்டாளிகள் கூப்பிட்டால் கரையில் நின்று அவர்கள் துணியைப் பார்த்துக்கொள். அருவி முதுகில் அறைவது மசாஜ் என்பதெல்லாம் கம்பி இல்லாதவன் பேச்சு.

பாய் பத்தமடைப் பாயாகவே இருக்கட்டும், அதைக் கட்டிலில் விரி. தரையிலிருந்து எழ ஒவ்வொரு நாளும் முதுகை வளைத்து நெம்புகிறாய். எழும்போது ஒருக்களித்துப் படு, காலைக் கீழே தொங்கவிடு, கையை ஊன்றி மொத்த உடம்பாக எழுந்து உட்கார். அதற்கு முன், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டு, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டு. பிறகு ஒத்தடம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, 15 நிமிஷம். பை இல்லையென்றால் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டு. நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணியைப் பிழிந்தும் வைக்கலாம். எதுவானாலும் முதலில் உன் அம்மா தன் முன்கையில் வைத்துப் பார்க்கட்டும். ஆபரேஷன் தழும்பைச் சுற்றிச் சிலருக்கு உணர்வு மரத்திருக்கும், தோல் வெந்தாலும் தெரியாது. வைத்தபடி தூங்கிவிடாதே.

சூடு ஏறியதும் படுக்கைக்குத் திரும்பாமல் நட. வெயில் வந்தபிறகு, வாய்க்கால் கரையில் வேண்டாம், சமதளமான ரோட்டில். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் நடந்து, வாராவாரம் கூட்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை மட்டும் செய். யூடியூப் பார்த்து முதுகை முறுக்காதே. வலி வந்தால் நிறுத்தவேண்டும் என்றில்லை. அடுத்த நாள் காலையும் கூடுதலாக வலித்தால் நேற்று அதிகம் என்று அர்த்தம்.

வர்ம ஆசான் ஒரு தட்டு தட்டிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். தட்டுவதும் இழுப்பதும் கூடவே கூடாது. சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு ஆபரேஷன் ரிப்போர்ட்டோடு போ, ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் சொல்லிவிட்டுப் போ.

மாத்திரை விஷயம். வலி அதிகமான நாளில் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நாலைத் தாண்டாமல். ஈரல் கோளாறு இருந்தாலோ குடித்தாலோ அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான். புரூஃபன், டைக்லோஃபெனாக் வகையைக் கடையில் கேட்டு வாங்காதே. எலும்பு கூடிவரும் காலத்தில் அவை அதை மெதுவாக்கலாம் என்று டாக்டர்களே யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். நீ கேட்ட ‘பவர் மாத்திரை’ டிரமடாலாக இருந்தால், அது 2018 முதல் போதைமருந்துச் சட்டத்துக்குள் இருக்கிறது. மயக்கும், மலத்தைக் கட்டும். முக்கினால் முதுகுதான் வாங்கும். அதைத் தின்றுவிட்டு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவாயா? நரம்பு வலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்தது ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நீயாக நிறுத்தவும் கூடாது.

மாலை போட்டதில் ஒன்று எனக்குப் பரம சந்தோஷம்: பீடியை விட்டுவிட்டாய். நிகோட்டின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். பீடி சுற்றும் வீட்டில் இருந்துகொண்டு கஷ்டம்தான், இருந்தாலும் மாலையைக் கழற்றிய பிறகும் எலும்பு கூடும்வரையாவது தொடாதே. பம்பையிலிருந்து சன்னிதானம் ஏற்றம் 5 கிலோமீட்டர், தலையில் இருமுடி. இந்த வருஷம் அது வேண்டாம். குருசாமியிடம் சொல்லி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் மாலையை இறக்கிக்கொள். அங்கேயும் சாஸ்தாதான்.

ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு தழும்பில் நீர் கசிந்தாலோ, குளிர் என்று சமாதானம் சொல்லாதே. ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க உன் தம்பி இருக்கிறான். தை பிறந்ததும் எக்ஸ்ரேக்கு வரும்போது பஸ்ஸில் பின்சீட்டில் உட்காராதே. பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்து வா. நானும் வருகிறேன், டாக்டரிடம் மாத்திரை பற்றி நீயே கேள்.

இப்படிக்கு,
உன் மாமா.