சி.என்.சி. ரவுட்டர்: ஆழத்தைப் பிரித்து வெட்டுங்கள்

ரவுட்டர் என்றவுடன் இன்டர்நெட் இணைப்புக்கான பெட்டி நினைவிற்கு வரும். இங்கு நாம் பார்க்கப் போவது, கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தை வெட்டும் சி.என்.சி. ரவுட்டர். இதில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டச் சொல்வது. பிட் வளையும், ஓரத்தில் சிராய் கிளம்பும், சில நேரம் பிட்டே ஒடியும். விலை கொடுத்து வாங்கிய பலகை வீணாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேரில் உள்ள மரச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். உளி பிடிக்கும் சிற்பி முதலில் வேண்டாத மரத்தை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். கடைசியில்தான் மெல்லியதாகச் சீவி ஓரத்தை முடிப்பார். கம்ப்யூட்டரிலும் அதே வழிதான்.

சேத்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பூஜை அறைக் கதவுக்காக 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வடிவம் வெட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவரிடம் இருப்பது 6 மி.மீ. பிட்.

1. பலகையை வெர்னியர் கொண்டு அளந்திடுங்கள். 18 என்று விற்கப்படுவது 17.6 ஆக இருக்கலாம். பலகையின் மேல்பரப்பை பூஜ்யமாக வைத்து, வெட்டும் ஆழம் 17.8 எனக் கொடுங்கள். கூடுதல் 0.2 மி.மீ. அடியில் உள்ள கழிவுப் பலகைக்கு.

2. ஒரு ஓட்டத்தின் ஆழம் (பாஸ் டெப்த்), பிட் விட்டத்தில் பாதி என்று தொடங்கலாம். அதாவது 3 மி.மீ. 17.8ஐ 3ஆல் வகுத்தால் 5.93. எனவே 6 ஓட்டம். சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.97 மி.மீ. சிறிய இயந்திரம் அதிர்ந்தால் 2 அல்லது 1.5 ஆகக் குறைத்திடுங்கள்.

3. இந்த 6 ஓட்டங்களிலும் கோட்டிலிருந்து 0.3 மி.மீ. மரத்தை விட்டுவிட வேண்டும். பின், முழு ஆழத்தில் ஒரே ஓட்டமாக அந்த 0.3ஐ மட்டும் சீவ வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் விட்டுச் சென்ற படிக்கட்டு போன்ற கோடுகள் இதில் மறையும். வி-கார்வ் புரோகிராமில் இதற்கு "செபரேட் லாஸ்ட் பாஸ்" என்ற வசதி உள்ளது. மற்ற புரோகிராம்களில் பெயர் மாறலாம். பிட்டின் வெட்டும் பகுதி 17.8 மி.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால்தான் இது சரிவரும்.

4. துண்டு கடைசியில் அசையாமலிருக்க "டேப்ஸ்" எனப்படும் சிறு பாலங்களை விட்டிடுங்கள். பிறகு உளியால் நீக்கலாம்.

ஆழத்தைக் குறைத்தால் போதும் என்று நகரும் வேகத்தையும் மிகவும் குறைத்துவிடாதீர்கள். பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும். மாவு போன்ற தூள் வந்தால் வேகம் போதவில்லை. சிறு சீவல்களாக வந்தால் சரி. மேல் ஓரத்தில் மட்டும் சிராய் வருகிறதா? தூளை மேலே இழுக்கும் பிட்டிற்குப் பதில், கீழ்நோக்கித் தள்ளும் "டவுன்கட்" பிட் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடியும் முகக்கவசமும் அணிய மறக்காதீர்கள். பிட் சுழலும்போது கையைக் கொண்டு செல்லவே கூடாது. நல்ல பலகையை ஏற்றும் முன், அதே பிளைவுட்டின் கழிவுத் துண்டில் ஒரு சிறு சதுரம் வெட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அந்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திடுங்கள். அடுத்த வேலைக்கு அதுவே உங்கள் பாடப்புத்தகம்.