கடல் கடந்த மருத்துவத் தொண்டர்

துன்புற்றோரைக் கண்டவிடத்து உள்ளம் இரங்குதல் மக்களுக்கு இயல்பு. இரங்கியதோடு அமையாமல் அவர்தம் துயர் துடைக்க முற்படுதலே தொண்டு எனப்படும். தம் ஊரில், தம் மொழி பேசும் மக்களிடையே தொண்டு செய்வோர் பலர். உற்றார் ஒருவரும் இல்லாத அயல்நாட்டிற்குச் சென்று, பழகாத உணவை உண்டு, விளங்காத மொழியைப் பயின்று, அந்நாட்டு மக்களுள் ஒருவராகவே வாழ்ந்து தொண்டு செய்வோர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் துவாரகாநாத் கோட்னிஸ் என்னும் இந்திய மருத்துவர். அவர் சீன நாட்டில் எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு பணிபுரிந்தார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

மகாராட்டிரத்தில் துணியாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் சோலாப்பூர். அவ்வூரில் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கோட்னிஸ் பிறந்தார். பம்பாயிலுள்ள சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் கற்று மருத்துவரானார். மேற்படிப்பு முடித்து, நகரில் மருத்துவமனை அமைத்து, பொருளும் புகழும் ஈட்டி வாழும் வாய்ப்பு அவர் முன் இருந்தது. அவ்வேளையில் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

சீனத்தின் அழைப்பு

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சப்பானியர் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தனர். நகரங்கள் குண்டுகளுக்கு இரையாயின. காயமுற்ற வீரரும் பொதுமக்களும் எண்ணற்றோர். அவர்களுக்கு மருத்துவம் செய்யப் போதிய மருத்துவர் இல்லை, மருந்தும் இல்லை. எட்டாம் வழிப்படையின் தலைவர் சூ டே, மருத்துவர்களையும் மருந்துகளையும் அனுப்பி உதவுமாறு சவகர்லால் நேருவுக்கு மடல் எழுதினார். 1938-இல் காங்கிரசின் தலைவராக இருந்த சுபாசு சந்திர போசு, அவ்வேண்டுகோளை நாட்டு மக்களுக்கு எடுத்துரைத்தார். மக்கள் மனமுவந்து 22,000 உரூபாய் அளித்தனர்.

அக்காலத்தில் இந்தியா அயலார் ஆட்சியில் இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தானே விடுதலைக்குப் போராடிய நாடு, தன்னைப் போல் துன்புற்ற மற்றொரு நாட்டிற்கு உதவ முன்வந்தது. இல்லாதவன் இல்லாதவனுக்கு ஈந்த ஈகை இது.

அலகாபாத்து மருத்துவர் அடல் தலைமையில் ஐவர் கொண்ட குழு அமைந்தது. நாகபுரியைச் சேர்ந்த சோல்கரும், கல்கத்தாவைச் சேர்ந்த பாசுவும் முகர்ச்சியும், கோட்னிசும் ஏனைய நால்வர். அடல் முன்னரே சுபெயின் நாட்டுப் போரில் காயமுற்றோருக்குப் பணிபுரிந்தவர். கோட்னிசோ அயல்நாடு சென்றறியாத இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1938-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘இராசபுதானா’ என்னும் கப்பலில் ஐவரும் புறப்பட்டனர்.

புதிய பெயரும் பெருந்துயரும்

கப்பல் பயணம் முடிந்து குழுவினர் கான்டன் நகரை அடைந்தனர். சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென்னின் துணைவியார் அவர்களை அன்புடன் வரவேற்றார். பின்னர் அவர்கள் உள்நாட்டு நகரங்களில் பணிபுரிந்துகொண்டே, அரசின் போர்க்காலத் தலைநகரான சுங்கிங் சென்றனர். சாந்திநிகேதனத்தில் சீன மொழி கற்பித்த தான் யுன் சான் என்னும் அறிஞர் அங்கே இருந்தார். அவர் ஐவருக்கும் சீனப் பெயர் சூட்டினார். ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் ‘ஹுவா’ என்னும் சொல்லை இணைத்தார். அச்சொல் சீனத்தைக் குறிக்கும். கோட்னிஸ் ‘கே டி ஹுவா’ ஆனார்.

அச்சுங்கிங் நகரிலேதான் ஒரு கொடுஞ்செய்தி அவருக்கு எட்டியது. ஊரிலிருந்த தந்தையார் இறந்துவிட்டார் என்பதே அது. தந்தையை இழந்த குடும்பம் மகனை எதிர்நோக்கும் அன்றோ? அவர் ஊர் திரும்புவதே முறை என உடன் வந்தோர் எண்ணினர். கோட்னிசின் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும் என்பதை நாம் உணரலாம். ஆயினும், ஏற்ற பணியைத் தொடங்குமுன்னே விட்டுச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. துயரை உள்ளத்தில் அடக்கிக்கொண்டு வடக்கு நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார்.

குகை வாழ்க்கை

1939-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குழுவினர் யேனான் என்னும் ஊரை அடைந்தனர். அது மஞ்சள் நிற மண் குன்றுகள் சூழ்ந்த இடம். சப்பானிய வானூர்திகள் குண்டு வீசி ஊரைத் தரைமட்டமாக்கியிருந்தன. ஆதலின் மக்கள் குன்றின் சரிவைக் குடைந்து குகைகள் அமைத்து அவற்றில் வாழ்ந்தனர். பள்ளியும் குகை, அலுவலகமும் குகை, மருத்துவமனையும் குகை. அக்குகைகள் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெம்மையும் தருவன. பகலில் வாயிலின் வழியே வரும் ஒளியும், இரவில் எண்ணெய் விளக்கின் ஒளியுமே அங்குள்ளோர்க்குத் துணை.

சோலாப்பூரின் வெயிலில் வளர்ந்தவருக்கு வடசீனத்துக் குளிர் புதியது. அங்கே குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்துவிடும். பஞ்சு திணித்துத் தைத்த தடித்த உடையை அணிந்தாலன்றி வெளியே நடமாட இயலாது. அந்நாட்டுச் சிற்றூர் வீடுகளில், செங்கல்லாலும் மண்ணாலும் மேடை கட்டி, அடுப்பின் வெப்பம் அதனடியிற் செல்லுமாறு அமைத்திருப்பர். அம்மேடைமீதே குடும்பத்தினர் அனைவரும் உறங்குவர். கோட்னிசும் அத்தகைய வீடுகளில் தங்கிப் பழகினார்.

உணவு எத்தகையது? வடசீனத்து மலைப்பகுதி மக்களின் முதன்மையான உணவு தினை. நம் நாட்டு மலைச்சாரல்களில் விளையும் அதே தினைதான்! தினைச்சோறோ கஞ்சியோ, அதனுடன் சிறிது காய்கறியோ கிடைக்கும். வேளைதோறும் அதுவே உணவு. போர்க்காலமாதலின் அதுவும் எப்போதும் நிறையக் கிடைப்பதன்று. வீரர் உண்ட உணவையே தொண்டரும் உண்டனர்.

மொழி என்னும் மருந்து

உணவையும் குளிரையும் உடல் தாங்கிக்கொள்ளும். மொழி அறியாமையை எவ்வாறு தாங்குவது? மருத்துவன் முதலில் நோயாளியிடம் கேட்க வேண்டுவது, வலி எங்கே என்பது. அதனைக் கேட்கவும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால், அவர் வரும்வரை நோயாளியின் துயர் பொறுத்திருக்குமோ?

சீன மொழி கற்றற்கு அரியது. அதில் ஒரே ஒலி, குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். ‘மா’ என்னும் ஓரசையை எடுத்துக்கொள்வோம். ஒரு வகையாக ஒலித்தால் அது தாயைக் குறிக்கும். மற்றொரு வகையாக ஒலித்தால் குதிரையைக் குறிக்கும். வேறொரு வகையாக ஒலித்தால் திட்டுதல் எனப் பொருள்படும். எழுத்துகளோ ஆயிரக்கணக்கானவை, ஒவ்வொன்றையும் தனித்தனியே மனத்திற் பதிக்க வேண்டும். பட்டம் பெற்ற மருத்துவராகிய கோட்னிஸ், அரிச்சுவடி கற்கும் சிறுவனைப் போல் இம்மொழியைக் கற்கத் தொடங்கினார். இடைவிடாத பயிற்சியால், நோயாளிகளோடு உரையாடும் அளவிற்கு மட்டுமன்றி, மாணவர்க்குச் சீன மொழியிலேயே மருத்துவப் பாடம் நடத்தும் அளவிற்கும் தேர்ச்சி பெற்றார்.

உதவி செய்யச் செல்வோர் பலர், தாம் கொடுக்க வந்தவர் என்றே எண்ணுவர். தாம் கற்க வேண்டியதும் உண்டு என்பதை மறந்துவிடுவர். கோட்னிஸ் முதலில் மாணவரானார். அதனாலேயே பின்னர் நல்லாசிரியரானார்.

போர்முனையில்

1939-ஆம் ஆண்டின் இறுதியில் கோட்னிஸ் யேனானை விட்டுப் போர்முனைக்குச் சென்றார். அங்கே மருத்துவமனைக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. காயமுற்றோரை உழவர் வீடுகளில் பகிர்ந்து வைத்திருப்பர். மருத்துவர் வீடு வீடாக நடந்து சென்று அவர்களைக் காண வேண்டும். பகைவர் நெருங்கினால், ஓரிரவிலேயே நோயாளிகளையும் கருவிகளையும் சுமந்துகொண்டு வேற்றூருக்குப் பெயர வேண்டும். பகைவர் வழிகளை மறித்திருந்தமையால் மருந்துகள் எளிதில் வந்து சேரவில்லை. உள்ளூரில் கிடைப்பனவற்றைக் கொண்டே காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

1940-ஆம் ஆண்டு வடசீனத்தில் கடும்போர் நிகழ்ந்தது. அப்போது பதின்மூன்று நாள்களில் 800-க்கும் மேற்பட்ட காயமுற்றோர் கோட்னிசின் குழுவினரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர் 72 மணி நேரம் உறங்காமல் தொடர்ந்து அறுவை மருத்துவம் செய்தார் என்று கூறுவர்.

அவருக்கு முன் அப்பகுதியில் பணிபுரிந்தவர் நார்மன் பெத்யூன் என்னும் கனடா நாட்டு மருத்துவர். அறுவை செய்கையில் தம் விரலில் ஏற்பட்ட சிறு காயத்தின் வழியே நஞ்சு ஏறி, அவர் 1939-ஆம் ஆண்டு நவம்பரில் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனைக்கு 1941-ஆம் ஆண்டு சனவரியில் கோட்னிஸ் தலைவரானார். கனடா நாட்டவர் தொடங்கிய பணியை இந்தியர் ஏற்று நடத்தினார்.

மருத்துவமனையை அடுத்திருந்த மருத்துவப் பள்ளியிலும் அவர் கற்பித்தார். ஒரு மருத்துவன் நூறு பேருக்கு உதவலாம். நூறு மருத்துவர்களை உருவாக்கினால் அவ்வுதவி பன்மடங்கு பெருகும். தாம் சென்ற பின்னரும் பணி நிற்றலாகாது என்னும் எண்ணத்துடன், பகலெல்லாம் உழைத்தபின் மாணவர்க்கென அறுவை மருத்துவ நூல் எழுதுவதிலும் ஈடுபட்டார்.

குடும்பமும் முடிவும்

ஐவருள் சிலர் உடல்நலக் குறைவாலும் பிற காரணங்களாலும் ஒருவர்பின் ஒருவராகத் தாயகம் திரும்பினர். கோட்னிஸ் திரும்ப எண்ணவில்லை. செவிலியர் பயிற்சி ஆசிரியையாக இருந்த குவோ சிங் லான் என்னும் சீன நங்கையை 1941-இல் மணந்தார். 1942-ஆம் ஆண்டு ஆகத்தில் அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அதற்கு ‘யின் ஹுவா’ எனப் பெயரிட்டனர். ‘யின்’ என்பது இந்தியாவையும், ‘ஹுவா’ என்பது சீனத்தையும் குறிக்கும். இரு நாடுகளும் அக்குழந்தையின் பெயரில் ஒன்றாயின.

ஆயினும், ஓய்வற்ற உழைப்பும் குறைந்த உணவும் அவர் உடலை வருத்தின. வலிப்பு நோய் அவரைப் பற்றியது. வேறிடம் சென்று மருத்துவம் பெறுமாறு தோழர்கள் வேண்டினர். அவர் தம் இடத்தை விட்டு நீங்க இசையவில்லை. தம்மைப் பேணியிருப்பின் இன்னும் பல்லாண்டு தொண்டு செய்திருக்கலாமே என நாம் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று, உடலைப் பேணுதலும் தொண்டருக்குக் கடமையே. ஆனால், தம்மை நம்பிக் கிடந்த நோயாளிகளின் முகங்களே அவர் கண்முன் நின்றன போலும்! 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், முப்பத்திரண்டாம் அகவையில், அவர் இறந்தார். மகனுக்கு அப்போது நான்கு திங்கள்கூட நிறையவில்லை. எழுதத் தொடங்கிய நூல் ஒன்று முடிவுறாமல் நின்றது.

நிலைத்த நினைவு

கோட்னிசின் உடல் முதலில் அவர் பணிபுரிந்த சிற்றூர்ப் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று அவர் கல்லறை சிச்சியாசுவாங் நகரிலுள்ள ஈகியர் நினைவிடத்தில் இருக்கின்றது. பெத்யூனின் கல்லறையும் அங்கேயே உள்ளது. குவாசா அகமது அப்பாசு என்னும் எழுத்தாளர் கோட்னிசின் வரலாற்றை நூலாக எழுதினார். அதனைத் தழுவி 1946-இல் சாந்தாராம் திரைப்படம் எடுத்தார். 1962-இல் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் போர் மூண்டது. இரு நாடுகளின் உறவு பலமுறை நலிந்ததுண்டு. எனினும், அவர் நினைவைச் சீன மக்கள் கைவிடவில்லை. அரசுகளின் பகை மாறும், நட்பும் மாறும். நோயுற்றவன் அருகில் அமர்ந்து அவன் மொழியிலேயே ஆறுதல் கூறியவனை மக்கள் மறவார்.

மாணவர்களே! கடல் கடந்து சென்றோர் மட்டுமே தொண்டர் என எண்ணற்க. நம் தெருவிலும் உதவி வேண்டி நிற்போர் உளர். ஆயின், எங்குச் சென்றாலும் கோட்னிசின் வாழ்க்கை நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. பிறர்க்கு உதவ விரும்புவோர், முதலில் அவர்தம் மொழியைக் கேட்க வேண்டும். அவர் உண்பதை உடனிருந்து உண்ண வேண்டும். அவரிடம் கற்க வேண்டும். உயர்ந்த இடத்தில் நின்று கொடுப்பது ஈகையாகலாம்; உடன் வாழ்ந்து கொடுப்பதே தொண்டு.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. கோட்னிஸ் எங்கு, எப்போது பிறந்தார்?
2. சூ டே யாருக்கு மடல் எழுதினார்? எதற்காக எழுதினார்?
3. ‘யின் ஹுவா’ என்னும் பெயர் உணர்த்துவது யாது?
4. யேனான் மக்கள் குகைகளில் வாழ்ந்தமைக்குக் காரணம் என்ன?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை தருக.

1. “இல்லாதவன் இல்லாதவனுக்கு ஈந்த ஈகை” – இத்தொடரை விளக்குக.
2. சீன மொழியைக் கற்பதில் உள்ள அருமை யாது? கோட்னிஸ் அதனைக் கற்றதனால் விளைந்த பயன் யாது?
3. போர்முனையில் மருத்துவப் பணி எவ்வாறு நடைபெற்றது?

இ. கட்டுரை வரைக.

கோட்னிஸ் தம் உடல்நலம் கருதிப் பணியிடத்தை விட்டு நீங்கியிருக்க வேண்டுமா? உம் கருத்தைக் காரணம் காட்டி எழுதுக.