லொறி சூடேறினால் எங்கே பார்ப்பது?

கொழும்பு - கண்டி வீதியில் மாவனல்லையைத் தாண்டினால் கடுகண்ணாவை ஏற்றம். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போவது அதைவிட நீண்ட ஏற்றம். பாரம் ஏற்றிய லொறியின் குறை இவ்விடங்களில்தான் வெளிப்படும். நிலத்தை விட்டு வந்து, கடன்பட்டு வாங்கிய லொறியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு எஞ்சின் 'ஹெட்' வெடிப்பது சிறு நட்டமல்ல. ஆனால் எஞ்சின் பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருகிறது. அதை வாசிக்கப் பழகுவோம்.

வோட்டர் பம்ப் நீரை எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்கிறது. சூடான நீர் ரேடியேற்றரில் விசிறிக் காற்றால் ஆறி, மீண்டும் எஞ்சினுக்குப் போகிறது. இடையில் உள்ள தேர்மோஸ்டாற் வாய்க்கால் மதகு போன்றது. நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் சூடானதும் திறக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதே முதற் கேள்வி.

1. கண்டி நகர நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால், விசிறியையும் பெல்ட்டையும் பாருங்கள்.

2. ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், ரேடியேற்றரின் வெளியே சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். உள்ளே படிவு இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் கேத்தலில் விடும் வெள்ளைப் படிவை நாம் அறிவோம். ரேடியேற்றரிலும் அதுவே நடக்கும்.

3. புறப்பட்ட சிறிது நேரத்தில் சூடேறி, மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், நீர் குறைந்திருக்கலாம் அல்லது தேர்மோஸ்டாற் திறக்காதிருக்கலாம். பழுதானதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடாமல், புதியதைப் பொருத்த வேண்டும். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் கூடும்.

4. வெளியே ஒழுக்கு இல்லாமல் நீர் குறைந்து, ஒயில் பால் தேநீர் போல மாறினால், 'ஹெட் கெஸ்கட்' பழுதாகியிருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மேலும் ஓட்ட வேண்டாம்.

மூடியும் முக்கியமானது. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் நீர் 100 பாகையிலும் கொதிப்பதில்லை. நுவரெலியா உயரத்தில் திறந்த நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே ரப்பர் தேய்ந்த மூடி மலையில் கூடுதல் தொல்லை தரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, கொதிநீர் முகத்தில் பாயும். அரை மணித்தியாலத்துக்கு மேல் பொறுத்து, கையால் தொடும் அளவுக்கு ஆறிய பின்னரே திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

ஏற்றம் தொடங்குமுன் கியரைக் குறையுங்கள். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பம்பும் விசிறியும் கூடுதலாக வேலை செய்யும். முள் சிவப்பை நெருங்கினால், பாரம் பிந்தினாலும் பரவாயில்லை, ஓரமாக நிறுத்துங்கள்.

கலந்துரையாட: உங்கள் லொறி கடைசியாக எங்கே, எந்த நேரத்தில் சூடேறியது? மேற்கண்ட நான்கில் எது அதற்குப் பொருந்துகிறது?