பாதி முடிஞ்ச கான்டெசாவை விக்கிறது எப்படி?

திருக்கோகர்ணத்துல எங்க பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில ஒரு கான்டெசா நின்னுச்சு. பானெட் தனியா சுவத்துல சாஞ்சிருக்கும். சீட் எல்லாம் திண்ணையில. இன்ஜின் ஓடும், வண்டி ஓடாது. நாலு வருஷமா ரீஸ்டோரேஷன் நடந்துச்சு, இப்ப அந்த இடத்துல மாடிப்படி கட்டணும். "வித்துடலாம்டா. மெக்கானிக்கல்தானே படிக்கிற, விளம்பரம் எழுதிக் குடு"ன்னார். எழுத உட்காந்தப்பதான் எட்டு செமஸ்டர்ல ஒரு பேப்பர்கூட இதைச் சொல்லித் தரலன்னு தெரிஞ்சுது. நான் கத்துக்கிட்டதை இங்க எழுதுறேன். பழைய வண்டி எதுவா இருந்தாலும் உதவும்.

முதல்ல வண்டியைப் பத்தி. மசில் கார்னா நடுத்தர சைஸ் பாடிக்குள்ள தேவைக்கு மேல பெரிய இன்ஜினை வெக்கிறது. 1964-ல வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லிட்டர் வி-8. நம்ம ஊர்ல "இந்தியாவோட மசில் கார்"னு சொல்றது கான்டெசாவை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2002-ல் நிறுத்தியது. பாடி பிரிட்டனோட வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். மாடல்ல இருந்து வந்தது. போன்டியாக், வாக்ஸ்ஹால் ரெண்டுமே அப்போ அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸ் கையில இருந்த கம்பெனிகள். அதனால ஒன்னு விட்ட தம்பின்னு சொல்லலாம். ஆனா அந்த நீள பானெட்டுக்குள்ள முதல்ல இருந்தது அம்பாசிடரோட 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன்! அப்புறம்தான் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் அஞ்சு கியரும் வந்துச்சு. பெரியப்பாவோடது அது.

அதனால விளம்பரத்தோட முதல் வரி "எந்த இன்ஜின்"னு இருக்கணும். பழைய வண்டிகள்ல வேற இன்ஜின் மாத்தி வெக்கிறது சகஜம். மாத்தியிருந்தா ஆர்.டி.ஓ. அனுமதியோட ஆர்.சி.யில ஏத்தியிருக்கணும். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒத்துப் பாத்துட்டு அப்புறம் மத்ததை எழுதுங்க.

அடுத்தது விலை. எங்க வீட்ல சண்டையே இதுலதான். பெரியப்பா பில் எல்லாம் ஒரு மஞ்சப் பையில வெச்சிருந்தார். வண்டி வாங்கினது 70,000, செலவு 3,50,000, ஆக 4,20,000. "நாலரைக்குக் குறைஞ்சு தர மாட்டேன்"னார். எகனாமிக்ஸ் எலக்டிவ்ல 'சங்க் காஸ்ட்'னு படிச்சோமே, அதுதான் இது. வாங்குறவர் நம்ம பில்லைப் பாக்க மாட்டார், பின்பக்கத்துல இருந்து கணக்குப் போடுவார். முழுசா முடிஞ்ச வண்டி என்ன விலை போகும்? நாங்க விசாரிச்ச வரைக்கும் 5 லட்சம். மீதி வேலைக்கு என்ன ஆகும்? வயரிங், பிரேக், சீட் வேலை, கண்ணாடி ரப்பர், பெயின்ட் எல்லாம் சேத்து 1,70,000. அப்போ 3,30,000. அதுலயும் தனக்குத் தெரியாத விஷயத்துக்குன்னு ஒரு தொகையைக் கழிப்பார். போன்லயே "1,20,000-க்கு எடுத்துக்கிறேன்"னு ஒருத்தர் சொன்னார். எங்களுக்குக் கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா பிரிச்சுப் போட்ட வண்டியோட நாலு மங்கலான போட்டோவைப் பாத்து வேற என்ன சொல்ல முடியும்?

நம்ம கையில இருக்கிறது அந்தக் கடைசிக் கழித்தல் மட்டும்தான். ரெண்டு நாள் உக்காந்து சாக்குல கிடந்த போல்ட், கிளிப், லாக் எல்லாத்தையும் கவர்ல போட்டுப் பேர் எழுதினோம். இருக்குறது ஒரு லிஸ்ட், இல்லாதது ஒரு லிஸ்ட். ஒரு டெயில் லேம்ப் காணோம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் ரெண்டு இருந்துச்சு. மறந்துபோய் திரும்ப வாங்கியிருக்கார்! இன்ஜின் குளிர்ந்த நிலையில ஸ்டார்ட் ஆகுறதை வீடியோ எடுத்தோம். நாலு சிலிண்டரோட கம்ப்ரெஷன் அளவையும் மீட்டரோட போட்டோ எடுத்தோம்.

இப்போ கஷ்டமான பாகம். கான்டெசாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, மோனோகாக். பாடிதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழ ஓடுற சில், அடித் தகடு எல்லாம் பாரம் தாங்குற பாகங்கள். அங்க துரு பிடிச்சா அது அழகுப் பிரச்சனை இல்ல, பலத்தோட பிரச்சனை. டிங்கரிங்ல சரியான வழி துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் பண்றது. குறுக்கு வழி பட்டி பூசி மேல பெயின்ட் அடிக்கிறது. கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். மெல்லிய துணியில சுத்தி பாடி மேல நகர்த்திட்டே போங்க. பட்டி தடிமனா இருக்கிற இடத்துல பிடிக்காது.

இடது பக்க சில்லுல, பின் கதவுக்குக் கீழ, காந்தம் வழுக்கி விழுந்துச்சு.

பெரியப்பா ஒன்னும் பேசல. அந்த வேலைக்குக் குடுத்த பில்லும் அந்த மஞ்சப் பையிலதான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "யாருடா காந்தம் எடுத்துட்டு வரப் போறான்"னார். அவர் சொன்னதும் நியாயமாத்தான் தோணுச்சு. ஆனா ஒருத்தர் அதைச் சரி பண்ணாம குடும்பத்தோட ஹைவேயில போனா? கடைசியில அவரே "எழுதிடு"ன்னார். தகடு மாத்த 40,000 ஆகும்னு போட்டு, அந்த இடத்தையும் போட்டோ எடுத்து சேத்தேன்.

பேப்பர் விஷயம் சீக்கிரம் சொல்றேன். 15 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு 5 வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி. புதுப்பிக்கணும், அதுக்கு வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டணும். பானெட் இல்லாத வண்டியை எப்படிக் காட்டுறது? பிரிக்கிறதுக்கு முன்னாடியே புதுப்பிச்சதால எங்களுக்கு இன்னும் எட்டு மாசம் இருந்துச்சு, அதையும் விளம்பரத்துல போட்டோம். விக்கிறப்போ படிவம் 29, 30. வேற மாநிலம்னா தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. "வண்டி ரெடியானதும் பேர் மாத்திக்கிறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்துல சிக்கின வழக்குல, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிடுச்சு.

'விண்டேஜ்'னும் போடாதீங்க. 2021 விதிப்படி, முதல்ல பதிவாகி 50 வருஷம் தாண்டின, பாடியிலயும் இன்ஜின்லயும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' நம்பர். முதல் கான்டெசாவுக்கே அது 2034-லதான்.

மூணாவது வாரம் சேலத்துல இருந்து ஒருத்தர் நேர்ல வந்தார். கையில காந்தம் இல்ல. டார்ச்சை எடுத்துட்டு நேரா அந்த சில்லுக்கு அடியில படுத்தார். எழுந்து தூசியைத் தட்டிட்டு, "சொன்னதுதான் இருக்கு"ன்னார். 2,75,000-க்கு முடிஞ்சுது. பேர் மாத்துறதுக்கு ஆன்லைன்ல போட்டுட்டுத்தான் வண்டியை லாரியில ஏத்தினோம்.

லாரி போனப்புறம் திண்ணைக்கு அடியில இன்னொரு டப்பா போல்ட் கிடந்துச்சு. கூரியர்ல அனுப்பியாச்சு. கூரியர் செலவு பெரியப்பாவோடது.