புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஏழு விஷயத்தையும் பாருங்க!

காலை ஐந்தே கால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆறு மணி ஷிப்ட். சாவியைத் திருப்பினா 'டிக்... டிக்'னு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. பொன்னேரியில் எங்க தெருவே எழுந்து வந்து அப்பாவோட பழைய மாருதி 800-ஐத் தள்ளினது இன்னும் கண்ணுல நிக்குது. ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. மூணாவதுக்குப் பணம் எடுக்கும் முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். கடைசியில் பேட்டரி மேல தப்பே இல்ல. இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் வயர் உப்பு பூத்துப் போயிருந்தது.

தம்பி, தங்கைகளே, அக்கா அன்னைக்குக் கத்துக்கிட்டது இதுதான்: பேட்டரி செத்துப்போச்சுன்னா, ஏன் செத்ததுன்னு தெரியாம அடுத்ததை வாங்காதீங்க. சில நூறு ரூபாய் மீட்டர் அதைச் சொல்லிடும். டிசி 20 வோல்ட்ல வையுங்க; சிவப்பு கம்பி பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. தொடங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழட்டிடுங்க.

1. முதல்ல கண்ணால பாருங்க. டெர்மினல்ல வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கா? கையால அசைச்சா ஆடுதா? பழவேற்காடு, காட்டுப்பள்ளி பக்கம் போய்வர்ற வண்டிக்கு உப்புக்காத்து சும்மா விடாது. மைனஸை முதல்ல கழட்டி, சமையல் சோடா கலந்த வெந்நீர்ல கழுவி, நல்லா துடைச்சு, மைனஸைக் கடைசியா மாட்டி, மேல வாஸ்லின் தடவுங்க. ஃபேன் பெல்ட் தொளதொளன்னு இருந்தாலோ, ஸ்டார்ட் ஆனதும் கீச்சுன்னு கத்தினாலோ அதையும் இறுக்கச் சொல்லுங்க.

2. விடிஞ்சதும் அளங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, சாவி போடாம பாருங்க. 12.6 வோல்ட்னா முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழேன்னா கிட்டத்தட்ட காலி. ஓட்டி நிறுத்தின உடனே அளந்தா கூடுதலாக் காட்டி ஏமாத்தும்.

3. செல்ஃப் எடுக்கும்போது பாருங்க. ஒருத்தர் சாவி திருப்பட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தா பேட்டரி பலவீனம். விழாம 'டிக்' மட்டும் வந்தா, வயர் அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் தேடுங்க.

4. ஓடும்போது பாருங்க. 13.8-லிருந்து 14.4 வரை இருந்தா, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாத்தையும் போட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிங்க. அப்பவும் 13-ஐத் தாண்டலைன்னா சார்ஜ் ஏறல. 15-ஐத் தாண்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு. பேட்டரி தண்ணி கொதிச்சுக் குறையும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகும்.

5. சிவப்பு பேட்டரி லைட்டைக் கவனிங்க. சாவி போட்டதும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். சாவி போட்டும் எரியலைன்னா நிம்மதியா இருந்துடாதீங்க. பல பழைய வண்டியில அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகுது. பல்பு போனாலே சார்ஜிங் நின்னுடலாம்.

6. எர்த்தை மறக்காதீங்க. இன்ஜின் ஓட, லைட் எரிய, ஒரு கம்பியை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இன்ஜின் இரும்புலயும் வையுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. எங்க வண்டி 1.1 காட்டுச்சு! ஆல்டர்னேட்டர் பாவம், ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது. அது கொடுத்தது பேட்டரிக்கு முழுசா வந்து சேரல. அரைவயித்தோட கிடந்தே ரெண்டு பேட்டரியும் செத்திருக்கு.

7. ராத்திரியில எது உறிஞ்சுது? எல்லாம் சரியா இருந்தும் காலையில டவுன்னா, பிற்பாடு மாட்டின ஸ்டீரியோ, அலாரம் மேல சந்தேகப்படுங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, மைனஸ் வயரைக் கழட்டி, நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல மாட்டுங்க. 50 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடினா, ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க. எதை உருவினதும் குறையுதோ, கோளாறு அந்த லைன்ல. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை: வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டி 'டைனமோ வேலை செய்யுதா'ன்னு யாராவது பார்க்க வந்தா தடுங்க. திடீர்னு எகிறுற வோல்ட்ல டயோடு, ஸ்டீரியோ, இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் போயிடலாம்.

ஆல்டர்னேட்டர்தான் கோளாறுன்னாலும் முழுசா மாத்தணும்னு இல்ல. கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பெரும்பாலும் தனித்தனியா மாத்திக்கலாம். 1961-ல் தொடங்கின லூகாஸ் டிவிஎஸ், ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் செய்யுறது நம்ம சென்னை பாடியிலதான். உதிரிபாகத்துக்கு நாம தூரம் போக வேண்டியதில்ல.

பேட்டரி உண்மையிலேயே முடிஞ்சிருந்தா, பழசை விற்ற கடையிலயே திருப்பிக் கொடுங்க. உள்ள இருக்கிறது ஈயமும் ஆசிடும். தெருவுல உடைச்சா நம்ம மண்ணுக்கும் குழந்தைகளுக்கும்தான் கேடு.

விடிஞ்சப்போ எவ்வளவு, செல்ஃப் எடுக்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, எர்த்ல எவ்வளவு. இந்த நாலு எண்ணையும் ஒரு சீட்டுல எழுதி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கையில கொடுங்க. அதுக்கு அப்புறம் பர்ஸைத் திறங்க.