ஒரு கடைக்காக ஒரு தேர்தல்

தேர்தல் என்றதும் சட்டமன்றமும் பாராளுமன்றமுமே நம் நினைவுக்கு வரும். ஒரே ஒரு கடைக்காக ஓர் ஊரே வாக்களிக்கச் சென்ற செய்தியை நீங்கள் அறிவீர்களா? இராஜஸ்தான் மாநிலம், இராஜசமந்த் மாவட்டத்தில் உள்ள கச்சாபலி என்னும் ஊரில் 2016-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் இது நிகழ்ந்தது. அவ்வூர்ச் சாராயக் கடை இருக்கலாமா, கூடாதா என்பதே கேள்வி.

கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே, மது எப்படித் தீதாகும் என்று கேட்போர் உண்டு. அது கலியாண விருந்து. கூலிப் பணம் வீடு வந்து சேராத கதை வேறு.

அம்மாநிலத்தில் இதற்கென்றே 1975-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. வாக்காளர்களில் நூற்றுக்கு 20 பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடைபெறும். நூற்றுக்கு 51 பேர் வேண்டாம் என்றால் கடை மூடப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த 51 என்பது வந்து வாக்களித்தவர்களில் அன்று, பட்டியலில் உள்ள அனைவரிலும்! ஆகவே சோம்பலால் வீட்டில் இருந்தவரும், பிழைப்புக்காக வெளியூர் சென்றவரும் கடையின் பக்கமே சேர்ந்துவிடுகின்றனர்.

கச்சாபலியில் மொத்த வாக்காளர்கள் 2,886 பேர். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 1,471 பேர் மட்டும் வந்து, அத்தனை பேரும் ஒருமனதாக வேண்டாம் என்றிருந்தாலும் கடை மூடியிராது! ஆனால் வந்தவர்கள் 2,039 பேர். அவர்களில் 1,937 பேர் மூடச் சொன்னார்கள். வேண்டும் என்றவர் 33 பேரே.

இவ்விதி நியாயமா? நாலு பேர் கூடி ஒருவர் தொழிலை நிறுத்திவிடக் கூடாது என்பது சரிதான். ஆயினும் வராதவரை எந்தப் பக்கமும் சேர்க்காமல் விடுவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தமிழ்நாட்டிலும் மதுக்கடை வேண்டாமெனக் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றியதுண்டு. ஆனால் அது ஊரார் முன்னிலையில் நடப்பது. குடிக்கிற கணவனும் கொழுந்தனும் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண் எப்படித் துணிந்து கை தூக்குவாள்? இரகசிய வாக்கெடுப்பில் அவள் எந்தப் பக்கம் என்பது மாமியாருக்குக்கூடத் தெரியாது. என்னைக் கேட்டால், இவ்வாக்கெடுப்பின் உயிரே அந்த மறைவில்தான் இருக்கிறது.

கச்சாபலியில் 69 வாக்குகள் செல்லாதவையாயின. கடைக்கு ஆதரவாக விழுந்தவற்றைப் போல இது இரு மடங்கு! பாவம், அவர்கள் என்ன நினைத்து வந்தார்களோ? மகாராஷ்டிரத்திலும் இத்தகைய வாக்கெடுப்பு உண்டு. பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். அங்கு வாக்குச் சீட்டில் இரண்டு புட்டிகளின் படங்கள் இருக்கும். நிற்கும் புட்டிக்குக் கடை இருக்கட்டும் என்று பொருள். எழுத்தறியாத பாட்டியும் சாய்ந்து படுத்திருக்கும் புட்டியைத் தேடி முத்திரை குத்திவிட்டு வரலாம்.